கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்

பி.எட். படித்தவர்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது. பயிற்சிக்குப் போன பள்ளியில் நாம் பாடம் நடத்திக்கொண்டிருப்போம். கல்லூரியிலிருந்து பேராசிரியர் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். நமக்குக் கை நடுங்கும், சாக்பீஸ் உடையும். மணி அடித்ததும் பாடத்திட்ட நோட்டில் "குரல் போதாது, கரும்பலகைப் பயன்பாடு நன்று" என்று எழுதி ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

அவ்வளவுதானா என்று 1950-களிலேயே கேட்டவர்கள் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஆசிரியப் பயிற்சி மாணவர்கள். மேற்பார்வையாளர் வருகிறார், பார்க்கிறார், அறிவுரை சொல்கிறார், போகிறார். இதனால் எங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்றார்கள். புகாரை முதலில் யாரும் பெரிசா எடுத்துக்கல. ஆனால் அங்கே பணியாற்றிய மாரிஸ் கோகனும் அவரோடு இருந்தவர்களும், கோளாறு நம்ம பக்கம்தான் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். (எத்தனை கல்லூரியில் இது நடக்கும்!)

அதிலிருந்து பிறந்ததுதான் 'கிளினிக்கல் சூப்பர்விஷன்'. பேரைக் கேட்டதும் ஆசிரியரை நோயாளி ஆக்கிட்டாங்களோன்னு தோணும். அப்படியில்லை. வகுப்பில் நடப்பதை நேரில் பார்த்து, அதை வைத்தே பேசுவது என்பதுதான் அர்த்தம். ராபர்ட் கோல்ட்ஹாமர் இதை ஐந்து படிகளாக எழுதினார். அவர் இறந்தபின் 1969-ல் புத்தகம் வந்தது. கோகனின் புத்தகம் 1973-ல்.

வகுப்புக்கு முன்பே மாணவரோடு உட்கார்ந்து பேசுவது முதல் படி. பிறகு கவனிப்பது, அபிப்பிராயம் எழுதாமல், யார் என்ன சொன்னார்கள் என்பதை முடிந்தவரை அப்படியே குறித்துக்கொள்வது. மூன்றாவது, அந்தக் குறிப்பைத் தனியே அலசுவது. நான்காவது, மாணவரோடு மறுபடி பேசுவது.

ஐந்தாவதுதான் என்னை நிறுத்தியது. மேற்பார்வையாளர் தன்னையே அலசிக்கொள்ள வேண்டும்: நான் பேசியது அந்த மாணவருக்கு உதவியதா, இல்ல நானே பேசித் தீர்த்துட்டேனா? நம்ம ஊர் மதிப்பீட்டுத் தாளில் இதற்கு ஒரு கட்டம்கூட நான் பார்த்ததில்லை.

ஒரு பாடத்துக்கு இத்தனை படி ஏறினால் நேரம் எங்கே போவது? நியாயமான கேள்விதான். இங்கே 2015 முதல் பி.எட். இரண்டு வருஷமாகி, பள்ளி அனுபவத்துக்கு 20 வாரம் ஒதுக்கியாச்சு. கடைசி பெஞ்சுக்காரருக்கு அதில் எத்தனை நிமிஷம் கிடைக்குது?

இதை எழுதும்போது என் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கையெழுத்து. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு பையன் கேட்ட கேள்வியை அப்படியே எழுதி, கீழே, "இதுக்கு நீங்க ஏன் பதில் சொல்லலை?" எட்டாம் வகுப்பு, ஒளிச்சேர்க்கை. ராத்திரியில் செடி என்ன சாப்பிடும் சார்னு கேட்டிருந்தான்.