மனித உரிமைக் கல்வி நிறுவனம்

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட மக்கள் கண்காணிப்பகத்தின் கல்விப் பிரிவு. பள்ளிப் பிள்ளைகளுக்கு மனித உரிமைகளைப் பாடமாகவே கற்பிக்க 1997இல் தொடங்கப்பட்டது.

தோற்றம்

வழக்கறிஞர் ஹென்றி திபேன் 1995இல் மக்கள் கண்காணிப்பகத்தை நிறுவினார். காவல் சித்திரவதை, சாதி வன்கொடுமை பற்றிய உண்மை அறிதலும் சட்ட உதவியும் அதன் முதன்மைப் பணிகள். குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றிருந்தது. 1995 முதல் 2004 வரையிலான காலத்தை மனித உரிமைக் கல்விப் பத்தாண்டாக ஐ.நா. அறிவித்திருந்தது. இச்சூழலில்தான் உரிமைப் பேச்சு நீதிமன்றத்திலிருந்து வகுப்பறைக்கும் வந்தது.

பாடமுறை

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கான மூன்றாண்டுப் பாடத்திட்டம் இது. பயிற்சி பெற்ற பள்ளி ஆசிரியர்களே நடத்துவர். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் இது பரவலாக நடந்தது; பின்னர் பல மாநிலங்களுக்கு விரிந்தது. இம்முயற்சியை ஆராய்ந்த மோனிஷா பஜாஜின் நூல் 2012இல் வெளிவந்தது.

சட்டம் தரும் காப்பு

பாடத்தின் பயன் தெருவில்தான் தெரியும். மதுரை வண்டியூரில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் கல்யாணம் பேசி முடிக்கிறார்கள் என்று கொள்வோம். 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 18 வயது நிரம்பாத பெண்ணின் திருமணம் குழந்தைத் திருமணம். அவளோ அவள் தோழியோ 1098 என்ற இலவச எண்ணில் சொன்னால் போதும். மாவட்ட சமூக நல அலுவலரே குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். நீதித்துறை நடுவர் தடையாணை பிறப்பிக்கலாம். அதை மீறித் தாலி கட்டினாலும் அந்தத் திருமணம் செல்லாது. வழக்காட அவளுக்குப் பணம் வேண்டியதில்லை: 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு குழந்தைகளுக்கு இலவச வழக்கறிஞரை உறுதி செய்கிறது. பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது.

முக்கியத்துவம்

உரிமையைக் கேட்கும் பிள்ளைக்கு வீட்டிலும் ஊரிலும் எதிர்ப்பு வரக்கூடும். அப்போது சட்டப் பிரிவின் எண் மட்டும் துணை நிற்காது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். வகுப்பாசிரியரையே அப்பெரியவராக ஆக்க முனைந்தது இக்கல்வியின் தனிச்சிறப்பு.