தேங்காய் நிமிர்ந்தது, தண்ணி கரிச்சது

போன வாரம் சாந்தோம்ல எங்க பக்கத்துத் தெருவுல ஒருத்தர், உள்ளங்கையில மட்டை உரிச்ச தேங்காயைப் படுக்க வச்சுக்கிட்டு மெதுவா நடந்துட்டிருந்தார். பின்னாலேயே ஃப்ளாட்காரங்க நாலு பேர், கோயில் பிரதட்சிணம் மாதிரி. பார்த்ததும் எனக்கு 2003 ஞாபகம் வந்துடுச்சு.

அந்தக் கோடையை மெட்ராஸ்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. குழாயைத் திறந்தா காத்துதான் வரும். எங்க குடியிருப்புல காசு சேர்த்து, நீரோட்டம் பார்க்கறவர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தோம். அவர் கையில வேப்பங்கவட்டை. மாமரத்துக்கிட்ட வந்ததும் குச்சி வெடுக்குனு கீழ இழுத்தது. "இங்க போடுங்க சார், வத்தாது"ன்னார். போட்டோம். முப்பதடிக்குள்ள தண்ணி! அப்பா அவருக்கு வேட்டி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். ரெண்டாவது வருஷம் அதே தண்ணி வாயில வைக்க முடியாத உப்பு.

அப்போ அவர் சொன்னது பலிச்சுதா, பலிக்கலையா?

இந்த விஷயத்துக்கு வயசு அதிகம். 6ஆம் நூற்றாண்டுல வராகமிகிரர், பிருஹத் சம்ஹிதையில நிலத்தடி நீருக்குன்னே ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கார். அதுல கவட்டையும் இல்லை, தேங்காயும் இல்லை. மரம், புத்து, மண்ணோட நிறம், பாறை, இதெல்லாம்தான் அடையாளம். நாவல் மரத்துக்குக் கிழக்கே பக்கத்துல புத்து இருந்தா, மரத்துக்குத் தெற்கே ரெண்டு ஆள் ஆழத்துல நல்ல தண்ணிங்கற மாதிரி. சரியோ தப்போ, யார் வேணா தோண்டிப் பார்த்துக்கலாம். கவட்டையைப் பத்தி விவரமா எழுதினவர் ஜெர்மனிக்காரரான அக்ரிகோலா. 1556ல வந்த அவரோட சுரங்கப் புத்தகத்துல படமே இருக்கு. வேடிக்கை என்னன்னா, விஷயம் தெரிஞ்ச சுரங்கக்காரனுக்கு குச்சி தேவையில்லை, நிலத்தோட இயற்கை அடையாளமே போதும்ங்கறதுதான் அவர் கட்சியும்.

சரி, சோதனை பண்ணிப் பார்த்திருக்காங்களா? 1990ல ஜெர்மனியில காஸல் ஊர்ல பண்ணினாங்க. அரை மீட்டர் ஆழத்துல பிளாஸ்டிக் குழாயைப் புதைச்சு, இப்போ தண்ணி ஓடுதா இல்லையான்னு கேட்டாங்க. சுமார் 30 பேர் கலந்துக்கிட்டாங்க. சோதனை நியாயமானதுதான்னு முன்னாடியே ஒத்துக்கிட்டவங்க. முடிவு? பூவா தலையா போட்டா என்ன வருமோ அதேதான்.

அப்போ குச்சி இழுத்தது பொய்யா? அதுவும் இல்லை. 1852லேயே கார்பென்டர்னு ஒரு ஆங்கிலேய மருத்துவர் விளக்கிட்டார். மனசுல ஒரு எதிர்பார்ப்பு இருந்தா, நமக்கே தெரியாம தசை லேசா அசையும். விறைப்பாப் பிடிச்ச கவட்டைக்கு அந்த அசைவு போதும். எங்க வீட்டுக்கு வந்தவர் ஏமாத்தலைங்க. அவர் கை அவரையே ஏமாத்தியிருக்கு.

பூமிக்கடியில குழாய் தேடறவங்களும் இதை விடலை. 2017ல பிரிட்டன்ல ஒரு ஆராய்ச்சியாளர் 12 தண்ணீர் கம்பெனிகளைக் கேட்டதுல, 10 கம்பெனி ஊழியர்கள் இன்னும் சில சமயம் வளைச்ச கம்பியைப் பயன்படுத்தறதா பதில் வந்துச்சு. இது சிரிச்சுட்டுப் போற விஷயம். ஆனா இதே தத்துவத்துல ஒரு கைப்பிடியில ஆன்டெனாவைச் சொருகி, வெடிகுண்டு கண்டுபிடிக்கற கருவின்னு ஈராக்குக்கு வித்தான் மெக்கார்மிக்னு ஒருத்தன். உள்ள வேலை செய்யற எதுவுமே கிடையாது. சோதனைச் சாவடிகள்ல அதை நம்பி வண்டிகளை விட்டாங்க. 2013ல அவனுக்கு 10 வருஷம் சிறை.

இனி சாந்தோமுக்கு வருவோம். இது கடலோர மணல். மாமரத்தடியில தோண்டினாலும் வரும், மாடிப்படிக்குக் கீழ தோண்டினாலும் வரும். 1772ல கேப்டன் பேக்கர் ஏழுகிணறு வெட்டி கோட்டைக்குத் தண்ணி கொடுத்ததும் வடக்கே இதே மாதிரி மணல் பூமியிலதான். சேலம், கோயமுத்தூர் மாதிரி பாறைப் பூமின்னா, வெடிப்பு இருக்கற இடத்துலதான் தண்ணி; தப்பாப் போட்டா புழுதிதான் பறக்கும். இங்க நீரோட்டக்காரர் தோக்கவே முடியாது!

இங்க கேட்க வேண்டிய கேள்வியே வேற. மழைத்தண்ணி கடல் தண்ணியை விட லேசு, அதனால மணலுக்குள்ள உப்புத்தண்ணி மேல மிதக்குது. கைபென், ஹெர்ஸ்பெர்க்னு ரெண்டு பேர் தனித்தனியாக் கண்டுபிடிச்ச கணக்கு ஒண்ணு இருக்கு: கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு அடி நின்னா, கீழ சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணி. அதே கணக்குல, மேல ஒரு அடி இறங்கினா, கீழேர்ந்து உப்பு நாளடைவுல 40 அடி ஏறும். எங்க போர்ல நடந்தது இதுதான். எல்லாரும் உறிஞ்சினோம், யாரும் திருப்பித் தரலை.

2003ல அரசு மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினப்போ, எங்க ஆளுங்க பேருக்கு ஒரு குழி தோண்டி மூடிட்டாங்க. உப்பு வந்தப்புறம்தான் மொட்டை மாடிக் குழாயை பழைய கிணத்துக்குத் திருப்பினோம். மூணு ஐப்பசி மழைக்கப்புறம் கரிப்பு குறைஞ்சுது. முழுசாப் போகலை, ஆனா துணி துவைக்க முடியுது.

போன வாரம் பக்கத்துத் தெருவுல தேங்காய் நிமிர்ந்துச்சு. போர் போடப் போறாங்களாம். "மாடியில விழற மழை எங்கே போகுது சார்?"னு கேட்டேன்.

"ரோட்டுக்குத்தான்"னார்.

உங்க ஊர்ல எங்கே போகுது? சொல்லுங்களேன்.