தாயம்

வடமொழியின் ‘தாய’ என்பதோடு அகராதிகள் இணைத்துக் காட்டும் தாயம் என்னும் சொல்லுக்குப் பரம்பரையாய் வந்தடையும் பங்கு என்பதே பழைய அர்த்தம். புறநானூற்றில் அது அரசுரிமையையும் குறிக்கிறது. பாட்டியும் பேரப்பிள்ளைகளும் கூடத்துத் தரையில் கட்டம் கீறி, இரண்டு பித்தளைக் கட்டைகளை உள்ளங்கையில் தேய்த்து உருட்டும்போது, ஒன்று விழுந்தாலன்றிக் காய் இறங்காது என்பதையும், அந்த ஒன்றுக்கே தாயம் என்று பெயர் என்பதையும் நோக்கினால், ஆட்டத்துள் நுழையும் பாத்தியதையே அப்பெயருக்குக் காரணமாயிற்று என்று ஊகிக்கலாம். ஊகமே எனினும் பொருத்தமானது. பங்காளியைச் சுட்டும் தாயாதியும் இச்சொல்லுக்கு உறவே. வெட்டுண்ட காய் மறுபடியும் தாயத்துக்காகக் காத்துக் கிடப்பதைக் கண்டால், பாகப்பிரிவினை வழக்காடியவர்கள் சிரிக்கக்கூடும். கட்டைகள் இரண்டிலும் வெறுமுகமே மேலே விழுந்தால், அது சூனியமன்று, 12.