பவளத்துக்கு ஒரு கண்ணாடி வீடு

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றிக் கேள்வியுறாத தமிழர் மிகச் சிலரே. நிலவு காயும் இரவில் தோணியை நீர் நடுவே நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதில் பொருத்தினால், யாழ் நரம்பை விரல் வருடினாற்போன்ற ஓசை கேட்கும் என்பர். 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அங்கு வந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் அவ்வோசையைச் செவியாரக் கேட்டார். அதனை எழுப்புவது நீரடியில் வாழும் சிப்பியினமாகலாம் என்று, 1859இல் வெளியான இலங்கை பற்றிய தமது நூலில் எழுதினார். அவரால் கேட்க முடிந்தது, காண முடியவில்லை.

காணும் வழியை அதே காலத்தில் இலண்டனில் ஒரு மாது தேடிக்கொண்டிருந்தார். 1846இல் அன்னா தின் அம்மையார், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ரோர்க்கி என்னும் ஊரிலிருந்து சில பவள உயிர்களைக் கற்சாடி ஒன்றில் இட்டுத் தம் இல்லத்துக்குக் கொணர்ந்தார். நகரிலே கடல்நீர் எளிதிற் கிடைப்பதன்று. ஆகவே இருந்த நீரையே, திறந்த பலகணியின் முன்னே, கலத்திலிருந்து கலத்துக்கு நாள்தோறும் நெடுநேரம் மாற்றி ஊற்றச் செய்தார். காற்றோடு கலந்த நீர் கெடாதிருந்தது. மறு ஆண்டு கடற்பாசியையும் அதில் இட்டார். பாசி வெயிலை வாங்கி நீருக்குப் பிராணவாயுவை அளித்தது. பவள உயிர்கள் பிழைத்ததோடு இனமும் பெருக்கின. பவளத்தை வளர்க்க விரும்புவோன் முதலில் நீரை வளர்க்க வேண்டும் என்னும் பாடம் அங்கே தொடங்கியது.

1853இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கெனக் காட்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. 1909இல் சென்னைக் கடற்கரையிலும் ஒரு மீன் காட்சிச்சாலை எழுந்தது. ஆயினும் மீன் வாழ்ந்த தொட்டிகளில் வெப்பக்கடற் பவளம் நெடுநாள் வாழவில்லை. அதன் தசைக்குள்ளே கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு ஆக்கும் உணவே பவளத்தின் பெரும்பாலான ஆகாரமாகும். ஒளி குன்றினால் பாசி மெலியும். பாசி மெலிந்தால் பவளம் பட்டினியால் மாளும். 1956இல் நியூ கலிடோனியாவின் நூமியா நகரில் ரெனே கற்றாலா அமைத்த காட்சிச்சாலை, தூய கடல்நீரை இடையறாது ஓடவிட்டுப் பவளத்தை வாழவைத்தது. கடல்நீர் ஓடாத வீட்டுத் தொட்டிக்கு வழிகாட்டியவர் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பார். கடலடியிலிருந்து எடுத்த உயிருள்ள கல், வெயில், மெல்லிய காற்றுக்குமிழி ஆகிய மூன்றுமே போதுமென்று அவர் 1961இல் எழுதினார்.

அக்கல்லின் துளைகளில் வாழும் நுண்ணுயிர்கள், கழிவிலிருந்து பிறக்கும் அமோனியா என்னும் நஞ்சைப் படிப்படியாக மாற்றித் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக்குகின்றன. உண்மையில் தொட்டியைக் காப்பது அக்கல்லே. மட்டக்களப்பார் அதனை முருகைக்கல் என்று நன்கறிவர். ஆனால், அவர்கள் அறிந்த பயன் வேறு. கல்குடாப் பகுதியிலே முருகைக்கல் பெயர்க்கப்பட்டுச் சூளையில் நீறாக்கப்பட்டது. அச்சுண்ணாம்பு வீட்டுச் சுவரை வெளுப்பித்தது. கல்லைப் பெயர்த்தவன் அன்றாடக் கூலியை நம்பியிருந்த ஏழை. அவனுக்கு அது கல்; கரைக்கோ அது அலையைத் தடுக்கும் அரண். 1988ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம், கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்தலையும் எரித்தலையும் தடைசெய்தது.

தொட்டி அமைப்போனுக்கு வாவியும் ஓர் ஆசானே. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஆற்றுவெள்ளம் புகுந்து அதன் உவர்ப்பு வெகுவாகத் தணியும். வறட்சியில் முகத்துவாரத்தை மணற்றிட்டு அடைக்க, வெயில் நீரை வற்றச் செய்யும். இறாலும் நண்டும் இம்மாறுதலைப் பொறுக்கும்; பவளம் பொறாது. அதனால் அது வாவிக்குள்ளன்றிப் பாசிக்குடா, காயாங்கேணி போன்ற திறந்த கடற்புறத்திலேயே படர்ந்தது. கண்ணாடித் தொட்டியும் ஒரு சிறு வாவியே. ஆயிரம் பங்கு நீரில் ஏறக்குறைய 35 பங்கு உப்பு இருத்தல் வேண்டும். ஆவியாவது நீரே, உப்பு தங்கிவிடும். ஆகையால் குறைந்த அளவுக்கு நன்னீரையே வார்க்க வேண்டும். உப்புநீரை வார்த்தால் உவர்ப்பு ஏறிவிடும். கல்லை இட்ட பின் நான்கு முதல் ஆறு வாரம் வரை பொறுத்திருந்து, அமோனியா அற்றதெனச் சோதித்த பின்னரே முதற் பவளத்தை இடுதல் நன்று.

முதற் பவளமாக மென்பவளத்தைக் கொள்வது வழக்கம். எட்டு உணர்கொம்புகளைக் கொண்ட அதற்குக் கற்கூடு இல்லை. தசைக்குள்ளே நுண்ணிய சுண்ண முட்களே உண்டு. ஆனால், எல்லா மென்பவளமும் ஓரினம் அன்று. 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடித்தன. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கும் அவ்விரும்பின்மேல் இன்று மென்பவளங்களும் கருப்பவளங்களும் தழைத்துள்ளன. ஒளி அருகிய அவ்வாழத்தில் வாழ்வன, நீரோட்டம் கொணரும் நுண்ணுயிர்களை உண்பவை. வண்ணத்தில் மயங்கி அத்தகையவற்றைத் தொட்டியில் இடுவோர் பெரும்பாலும் அவற்றைப் பட்டினியிட்டே கொல்வர். காளான் குடைபோன்று விரியும் தோற்பவளமோ தன்னுள் வாழும் பாசியால் உண்பது. புதியவர் பிழையையும் ஓரளவு பொறுப்பது. வெட்டி நட்டால் துண்டிலிருந்து முழுதாக வளர்வதால், ஒருவர் வளர்த்ததிலிருந்து மற்றொருவர் பெற்றுக்கொள்ளலாம். கடலைத் தொட வேண்டியதில்லை.

1998இல் இந்து சமுத்திரம் அளவிறந்து சூடேறியபோது இலங்கைக் கரையோரத்து ஆழமற்ற பவளப்பாறைகள் பல வெளுத்து மாண்டன. ஓரிரு பாகை வெப்பமே அதற்குப் போதுமாயிருந்தது. தொட்டியில் அவ்வெப்பம் ஏறினால் உடையவன் விழித்தெழுந்து தணிப்பான். கடலைத் தணிக்க எவர் கையும் எட்டாது. 2019இல் காயாங்கேணிக் கடற்பகுதி சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டமை, எட்டும் கை செய்யக்கூடிய ஒரு காரியம். ஒரு சாண் பவளத்துக்காக உப்பையும் வெப்பத்தையும் ஒளியையும் நாள்தோறும் அளந்து பார்ப்பவன், பாசிக்குடாக் கடல் அத்தனையையும் எவர் கண்காணிப்புமின்றி எவ்வளவு காலம் செய்துவந்தது என்பதை உணர்வான். அவ்வுணர்வைப் பெற்றவன் மீண்டும் முருகைக்கல்லைச் சுண்ணாம்பாகக் காணான்.