வெறுங்காலோடு கடல் கடந்த கதை

சிவகாசி என்றவுடன் பட்டாசும் நாட்காட்டியும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. ஒரு தலைமுறைத் தமிழ்ச் சிறுவர்க்கு அவ்வூர் வேறொன்றையும் தந்தது. 1972-ஆம் ஆண்டில் அங்கே தோன்றிய முத்து காமிக்ஸ், இங்கிலாந்தில் பிறந்த சித்திரக்கதை ஒன்றை 'இரும்புக்கை மாயாவி' என்னும் பெயரில் தமிழாக்கிக் கொடுத்தது. படம் அயல்நாட்டார் வரைந்தது, பேச்சோ நம்முடையது. உங்களுள் பலர் அந்நூல்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டே பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவிற்கும் இரயிலேறியிருப்பீர்கள். வேற்று நாட்டுப் படக்கதையைத் தம் மொழியில் வெளியிடும் சிறு பதிப்பாளரின் தொழில், ஆதலின், நமக்கு முற்றிலும் புதியதன்று.

இன்று நாம் எண்ணிப் பார்க்கப் போவது ஜப்பான் நாட்டுச் சித்திரக்கதையைப் பற்றி. அதனை 'மங்கா' என்பர். மனம்போன போக்கில் வரைந்த படம் என்பது அச்சொல்லின் பொருள். பெயர்தான் அத்தகையது, தொழில் அத்தகையதன்று. ஜப்பானில் அது பெருஞ்செல்வர் நடத்தும் பெருந்தொழில். தடித்த வார இதழ்களில் தொடராக வந்து, பின்னர் நூல்வடிவம் பெற்று, பல இலட்சம் படிகள் விற்பனையாவது. எனினும், அந்நாட்டு எல்லைக்கு வெளியே அதனை முதலில் கொண்டு சென்றவர்கள் அப்பெருஞ்செல்வர் அல்லர். கைப்பொருள் குறைந்த சிலரே அதனைச் செய்தனர். அவர் ஏன் செய்தனர், என்ன இழந்தனர், எதனை நிலைநாட்டினர் என்பதை ஒரு நூலின் வரலாறு கொண்டு காண்போம்.

அந்நூலின் பெயர் 'ஹதாஷி நோ கென்' என்பது. 'வெறுங்கால் கென்' எனத் தமிழிற் கூறலாம். அதனை வரைந்தவர் கெய்ஜி நகசாவா. 1939-ஆம் ஆண்டு ஹிரோஷிமா நகரில் பிறந்தவர். 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் காலை 8.15 மணிக்கு அந்நகரின்மீது அணுகுண்டு வீழ்ந்தபோது அவருக்கு வயது ஆறு. பள்ளி வாயிலருகே நின்றிருந்த சிறுவனை ஒரு சுவர் மறைத்துக் காத்தது. தந்தையும் தமக்கையும் தம்பியும் இடிந்த வீட்டினுள் சிக்கி மாண்டனர். நிறைகருவுற்றிருந்த தாய் அன்றே தெருவில் ஒரு பெண்மகவை ஈன்றார். அம்மகவும் நெடுநாள் வாழவில்லை.

நகசாவா வளர்ந்து டோக்கியோ சென்று சித்திரக்கதை வரைவோரானார். குண்டைப் பற்றிப் பல்லாண்டு வாய் திறந்தாரில்லை. 1966-ஆம் ஆண்டில் அவர் அன்னையார் காலமானார். எரியூட்டிய பின்னர், சாம்பலில் எடுத்து வைக்க எலும்பும் எஞ்சவில்லை. எலும்பைச் சேர்த்து அடக்கம் செய்வது அந்நாட்டார் வழக்கம். கதிர்வீச்சுத் தம் தாயின் எலும்பையும் கவர்ந்துகொண்டது என்றே மைந்தர் கருதினார். அன்று பிறந்த சினம் அவர் கையில் எழுதுகோலாயிற்று. 1972-இல் தம் வாழ்வை ஒரு குறுங்கதையாக வரைந்தார். 1973-இல் சிறுவர் வார இதழொன்றில் 'வெறுங்கால் கென்' தொடராகத் தொடங்கியது. ஜப்பானிய எழுத்தில் 'கென்' என்பதற்கு 'மூலம்' என்பது பொருள். எரிந்த மண்ணின்மீது வெறுங்காலோடு ஊன்றி நிற்கும் சிறுவன் புதிய தலைமுறைக்கு மூலமாக வேண்டும் என்பது ஆசிரியர் விழைவு.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் அவ்விதழ் தொடரை நிறுத்தியது. நகசாவா சோர்ந்தாரல்லர், சிறிய இதழ்களை நாடித் தொடர்ந்து வரைந்தார். 1980-களின் நடுவில் கதை முடிந்தபோது அது பத்துத் தொகுதிகளாக விரிந்திருந்தது.

இனி, கடல் கடந்த வரலாற்றிற்கு வருவோம். 1976-ஆம் ஆண்டில் போர்ப்படைக் குறைப்பை வேண்டி அமெரிக்காவின் குறுக்கே வாஷிங்டன் நோக்கி ஒரு நெடும்பயணம் நடைபெற்றது. அதில் கலந்துகொண்ட ஜப்பானிய இளைஞர் இருவர் கென் கதை நூலைத் தம்முடன் வைத்திருந்தனர். உடன் நடந்த அமெரிக்கர்க்கு ஜப்பானிய எழுத்துத் தெரியாது, படம் தெரிந்தது. இதனை எங்கள் மொழியில் தாருங்கள் என்று வேண்டினர். இளைஞர் நாடு திரும்பியதும் டோக்கியோவில் 'புராஜெக்ட் கென்' என்னும் குழு உருவாயிற்று. டோக்கியோவில் வாழ்ந்த அமெரிக்கர் சிலரும் அதில் சேர்ந்தனர். மொழிபெயர்த்தவரும் எழுத்துப் பொறித்தவரும் தன்னார்வலரே. 1978-இல் முதல் ஆங்கிலத் தொகுதி வெளிவந்தது.

அதனை அமெரிக்க மண்ணில் அச்சிட்டு விற்க முன்வந்தவர் லெனார்டு ரைஃபஸ் என்பவர். சான்பிரான்சிஸ்கோவில் 'எஜுகாமிக்ஸ்' என்னும் மிகச் சிறிய பதிப்பகத்தை அவர் நடத்தி வந்தார். அணு ஆற்றலைக் குறித்த சித்திரக்கதை ஒன்றை 1976-இலேயே வெளியிட்டவர் அவர். கற்பிக்க வல்லது படக்கதை என்பது அவர் கொள்கை. 1980-ஆம் ஆண்டில் கென் கதையின் தொடக்கத்தை மெல்லிய இதழாக வெளியிட்டார். இரண்டாம் இதழும் வந்தது. அதன்பின் தொடர இயலவில்லை, விற்பனை ஈடுகொடுக்கவில்லை. 1982-இல் நகசாவாவின் குறுங்கதையை வண்ணத்தில் 'நான் கண்டேன்' என்னும் பொருள்படும் பெயரில் தனி இதழாக வெளியிட்டார். பெருந்தொடரை இழந்தவர், ஓரிதழில் முடியும் கதையைத் தேர்ந்தது கருதத்தக்கது. அது பணிவன்று, தொழிலறிவு.

ஏன் விற்கவில்லை என்று கேட்கலாம். தொழிலின் உள்ளே சற்று நுழைந்து பார்ப்போம். அமெரிக்கச் சித்திரக்கதை இதழ் மெல்லியது. திங்கள்தோறும் ஒரு சிறு பகுதியாக வருவது. மங்காவோ நூற்றுக்கணக்கான பக்கங்களில் மெல்ல நடப்பது. ஒருவன் கதவைத் திறக்க மூன்று படம் வரைவர். பெருநதியைச் சிறு குவளையில் முகந்து விற்க முயல்வது போன்றதே அப்பணி. கடையிலோ அது எந்த அடுக்கிலும் அமையாது. வீர சாகசம் வேண்டுவோர்க்கு இதில் வீரனில்லை. வரலாறு வேண்டுவோர் படக்கதைக் கடைக்கு வாரார்.

மற்றொன்று, படிக்கும் திசை. ஜப்பானியர் வலப்புறத்திலிருந்து இடப்புறம் படிப்பர். ஆங்கிலேயரும் நாமும் அதற்கு மாறு. ஆதலின், அக்காலத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடியில் தோன்றும் உருப்போலத் திருப்பி அச்சிட்டனர். அங்ஙனம் திருப்பினால் வலக்கை வீரர் அனைவரும் இடக்கை வீரராவர். கிமோனோ உடையின் மடிப்பும் மாறிவிடும். வலமடிப்பு மேலே வருமாறு உடுத்துவது ஜப்பானில் இறந்தோர்க்கு மட்டுமே உரியது. படிப்போர் வசதிக்காகச் செய்த மாற்றம், உயிரோடு இருப்பவரைப் பிணக்கோலத்தில் நிறுத்தியது! செங்குத்தான எழுத்திற்காக வரைந்த ஒடுங்கிய பேச்சுக் குமிழிகளில் கிடைவரி எழுத்தைப் புகுத்துவதும் எளிதன்று. இடியோசையும் காலடியோசையும் படத்தோடு படமாக வரையப்பட்டிருக்கும். அவற்றை அழித்து வேற்றெழுத்தில் மீண்டும் வரைதல் வேண்டும். இத்தனையும் கையாற் செய்த காலம் அது.

1987-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சிறு பதிப்பகங்கள் வேறு சில மங்கா தொடர்களைக் கொண்டுவந்தன. அவை நன்றாகவே விற்றன. ஆயினும், அங்குத் தொடங்கப்பெற்ற புகழ்பெற்ற சாமுராய்த் தொடரொன்று 45 இதழ்களோடு நின்றது. வெளியிட்ட நிறுவனமே 1991-இல் ஓய்ந்தது. வேறொரு நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் எடுத்த பின்னரே அக்கதை முழுமையுற்றது. வழி வெட்டியவர் ஒருவர். அவ்வழியே வண்டி ஓட்டியவர் வேறொருவர். 2002-ஆம் ஆண்டிற்குப் பின்னர் மங்காவைத் திருப்பாமல் வலமிருந்து இடமாகவே அச்சிடும் முறை பரவியது. இளைஞர் அதனை விரும்பி ஏற்றனர். இருபதாண்டாகப் பதிப்பாளர் அஞ்சிய அச்சத்தை வாசகரே நீக்கினர்.

கென் கதை என்னவாயிற்று? அதனை இறுதியில் ஏற்றது சான்பிரான்சிஸ்கோவில் உள்ள 'லாஸ்ட் காஸ்ப்' என்னும் மற்றொரு தனிப் பதிப்பகம். 'இறுதி மூச்சு' என்பது அப்பெயரின் பொருள். 1970-ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் பற்றிய சித்திரக்கதையோடு தொடங்கிய அது, அரை நூற்றாண்டைக் கடந்தது. பெயர் மட்டுமே இறுதி மூச்சு. ஜப்பானின் கனசாவா நகரத்துத் தன்னார்வலர்கள் கதை முழுவதையும் ருசிய மொழியிலும், பின்னர் ஆங்கிலத்திலும் பெயர்த்தனர். அவ்வாங்கிலப் பதிப்பு 2004-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொன்றாக வெளிவந்து, ஐந்தாறு ஆண்டுகளில் பத்தும் நிறைவெய்தின. முதல் ஆங்கிலத் தொகுதிக்கும் பத்தாம் தொகுதிக்கும் இடையே முப்பது ஆண்டுகள்! 2015-இல், குண்டு வீழ்ந்த எழுபதாம் ஆண்டில், இணையவழிப் பொதுமக்களிடம் நிதி திரட்டி, பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் ஏற்ற உறுதியான கட்டமைப்பில் அப்பதிப்பகம் அதனை மீண்டும் வெளியிட்டது.

இத்தொழிலின் வேறொரு காட்சியை நம் நாட்டுத் தலைநகரமே கண்டதுண்டு. 2004-ஆம் ஆண்டில் யுகிச்சி யமமட்சு என்னும் சித்திரக்கதை ஆசிரியர், தம் 56-ஆம் வயதில் தில்லிக்கு வந்தார். அவர் இந்தியும் அறியார், ஆங்கிலமும் அறியார். சாமுராய்க் கதையொன்றை இந்தியில் பெயர்க்கச் செய்து, அச்சிட்டு, தாமே தெருவில் நின்று விற்பது அவர் திட்டம். பதிப்பாளரும் அவரே, விற்பனையாளரும் அவரே. பொருள் ஈட்டியது சிறிது. பட்ட பாடு பெரிது. ஊர் திரும்பி அப்பாட்டையே நகைச்சுவை ததும்பும் மங்காவாக வரைந்தார். இந்தியாவிற்கு ஒரு முட்டாள் வந்தான் என்பது அதன் தலைப்பின் கருத்து. அதனை ஆங்கிலத்தில் நமக்குத் தந்தது சென்னையைச் சேர்ந்த 'பிளாஃப்ட்' என்னும் சிறு பதிப்பகம். மொழி தெரியாத ஊரில் வாடகைக்கு அறை தேடியவர், கடைக்காரரிடம் கைச்சாடையாற் பேசியவர் எவரும் அந்நூலைப் படித்தால், அந்த ஜப்பானியரைத் தம் உறவினராகவே கொள்வர். அவ்வுறவினர் நம்முள் பலரல்லரோ?

இவ்வரலாறு உணர்த்துவது யாது? சிறு பதிப்பாளர் பெருநிறுவனத்தின் சிறிய உருவம் அல்லர். பெருநிறுவனம், எது விற்கும் என்று கேட்கிறது. சிறு பதிப்பாளர், எது இல்லாமற் போகக் கூடாது என்று கேட்கிறார். முதற் கேள்வி தவறன்று. அதனை மறந்த சிறு பதிப்பகம் மூன்றாம் இதழைக் காண்பதில்லை. இரண்டாம் கேள்வியைக் கேட்பாரில்லையெனின், கென் கதை ஜப்பானிய மொழிக்கு வெளியே வருவதற்கு எத்தனை காலம் ஆகியிருக்குமோ!

அக்கேள்வி இன்றும் உயிருள்ளது. நகசாவா 2012-ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தார். 2023-இல் ஹிரோஷிமா நகரத்துக் கல்வித் துறையே தன் அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து இக்கதைப் பகுதியை நீக்கியது. குண்டினால் பாதிக்கப்பட்டோரின் அமைப்பிற்கு 2024-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், கண்ணாற் கண்டு சொல்லுவோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். கண்டவர் போன பின்னர், கண்டதைச் சொல்லும் ஏடே சான்று.

கென்னின் தந்தை அவனுக்குக் காட்டும் உவமை ஒன்று அக்கதையில் மீண்டும் மீண்டும் வருகிறது. பனிக்காலத்தில் முளைத்த கோதுமைப் பயிரை உழவர் மிதிப்பர்; மிதிபட்ட பயிர் வேரூன்றி நிமிரும். அந்நூலை ஏந்திய பதிப்பகங்களின் கதையும் அதுவே. ரைஃபஸ் நிறுத்திய இடத்தில் நின்றுவிடவில்லை அது, பிறர் எடுத்தனர். நேயர்களே, நீங்கள் வாழும் நகரில், நம் மொழியிலோ அவ்வூர் மொழியிலோ, யாரேனும் ஒருவர் சிறிய அறையில் அமர்ந்து இத்தகைய பணியைச் செய்துகொண்டிருத்தல் கூடும். அவருக்கு நம் புகழுரை தேவையில்லை. ஒரு படியை விலை கொடுத்து வாங்குங்கள். அடுத்த இதழ் வெளிவரும்.