கங்காணியின் பற்றுக் கணக்கு

போதமலைக்கும் கொல்லிமலைக்கும் இடையிலுள்ள நாமகிரிப்பேட்டை வட்டாரம் 1997 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போன மாவட்டங்களில் திருச்சி, மதுரையோடு சேலமும் முக்கியமானது. மானாவாரிச் சோளமும் கம்பும் பொய்த்தால் பிழைக்க வேறு வழியில்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் எடுத்த 1881 கணக்கில் சேலம் மாவட்ட மக்கள்தொகை முந்தைய கணக்கைவிடக் குறைந்திருந்தது. கடல் கடந்தவர்களில் நிலமற்ற பண்ணையாட்களும் தாழ்த்தப்பட்ட சாதியாரும் மிகுதி.

ஆள் பிடித்தவர் கங்காணி. தோட்டத் துரையிடம் முன்பணம் வாங்கி, தன் ஊருக்கும் சுற்றூர்களுக்கும் வந்து, பண்ணையாரிடம் பட்ட கடனை அடைத்து, வழிச்செலவும் கொடுத்து அழைத்துப் போவார். அத்தனையும் தொழிலாளியின் பேரில் பற்றாக ஏறும். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் தினமும் ‘பென்ஸ் காசு’ அவருக்குக் கிடைத்ததால், காய்ச்சலில் கிடந்தவனையும் காலை ஆள் கணக்கெடுப்பான பெரட்டுக்கு எழுப்புவதில் அவருக்கு லாபம் இருந்தது.

கடனைக் கட்டினால் ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதித் தரும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். புதிய தோட்டம் அந்தத் தொகையைச் செலுத்தினால் கூட்டமே இடம் மாறலாம். ஆள் பற்றாக்குறைக் காலத்தில் துரைமார் போட்டி போட்டு முன்பணத்தை உயர்த்தினர். ஊரில் பண்ணையாரிடம் பட்ட கடனுக்கு இந்தப் பேரம்கூடக் கிடையாது. ஆனால் பேரத்தின் ஆதாயம் பெரும்பாலும் கங்காணிக்கே போனது. ஒவ்வொரு மாற்றத்திலும் தொழிலாளியின் பற்றுதான் பெருகியது. சொல்லாமல் ஓடினால் 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. போட்டியைக் கட்டுப்படுத்தவும் ஆள் திரட்டவும் தோட்டக்காரர்கள் 1904-இல் திருச்சியில் ஓர் ஆணையகம் அமைத்தனர்.

இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் வலியுறுத்தியதன் பின், 1921-இல் துண்டு முறை ஒழிந்தது. 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குறைந்தபட்சக் கூலி வந்தது. மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் இந்த வித்தியாசம் தோட்டங்களுக்குப் பெரிய மிச்சம். அது 1984 வரை நீங்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் 1931-இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். கங்காணியைத் தாண்டித் துரையோடு பேசத் தொழிலாளிக்குக் கிடைத்த முதல் வலுவான வழி அதுவே.

1948-ஆம் ஆண்டுக் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. தாயகம் திரும்பியோரில் ஒரு பகுதியினருக்குத் தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறிக்கும் வேலையே கிடைத்தது.