கொசுமேல் விழுந்த பழி

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கொசுவைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மலேரியாவுக்கு அஞ்சிக் கால்வாய்களிலும் குட்டைகளிலும் எண்ணெய் தெளிப்பது இந்நாட்டுத் தோட்டங்களில் நெடுங்கால வழக்கம். ஓயாது மழை பெய்யும் நம் தைப்பிங்கில் காய்ச்சல் என்றதும் கொசுவைச் சந்தேகிப்பது இயல்புதான். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் இதே பேராக் மாநிலத்தில் ஒருமுறை அந்தச் சந்தேகம் தவறிப்போனது. அதற்குக் கொடுத்த விலை பெரிது.

1998 செப்டம்பர் இறுதி. ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா வட்டாரத்தில், பன்றிப் பண்ணைகளில் பாடுபட்டவர்கள் கடுங்காய்ச்சலும் தலைவலியுமாக மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். பலருக்கு நினைவு தப்பியது. சிலருக்கு வலிப்புக் கண்டது. சிலர் திரும்பி வீட்டுக்குப் போகவேயில்லை. மூளையைத் தாக்கும் காய்ச்சல் என்பது தெரிந்தது. பன்றியின் உடலில் பெருகி, கொசுவால் மனிதனுக்கு வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்நாட்டுக்குப் புதிதல்ல. நோயாளிகள் சிலரின் இரத்தத்தில் அதற்கான தடயமும் கிடைத்தது. ஆகவே கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அன்று கையிலிருந்த சான்றை வைத்துப் பார்த்தால் அதை மடமை என்று சொல்ல முடியாது.

ஆயினும் நோய் நிற்கவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் படுத்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைப் பிடிப்பது. இங்கே விழுந்தவர்களோ உழைக்கும் வயது ஆண்கள். சீனப் பண்ணைக்காரர்களும், பண்ணைகளில் கூலிக்கு வேலை செய்த சீனர்களும் இந்தியர்களுமே பெரும்பாலும் பாதிக்கப்பட்டார்கள். அருகிலேயே குடியிருந்த மலாய்க்காரர்களுக்கு அந்நோய் வரவில்லை. கொசு யாரிடமும் சமயம் கேட்டுக் கடிப்பதில்லையே! பன்றியைத் தொட்டுப் புழங்கியவர்களுக்கே நோய் என்பது இதில் வெட்டவெளிச்சமாக இருந்தது. போதாததற்குப் பன்றிகளே இருமின. தொலைவிலிருந்தே கேட்கும் முரட்டு இருமல் அது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் வளர்ந்த பன்றி அப்படி இருமுவதில்லை. தொழுவத்தில் நின்றவர்கள் காதால் கேட்ட அந்தச் செய்தி, என் கருத்தில், ஆய்வுக்கூடத்துச் சான்றுக்கு எவ்வகையிலும் குறைந்ததல்ல.

நோயின் பெயர் தவறினால் தடுக்கும் வழியும் தவறிவிடுகிறது. கொசுதான் காரணம் என்றால், பன்றியை வெறுங்கையால் தொடாதே என்று யார் எச்சரிப்பார்கள்? பன்றிகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதை யார் தடுப்பார்கள்? அஞ்சிய பண்ணைக்காரர்கள் கிடைத்த விலைக்கு விற்றார்கள். பேராக்கிலிருந்து பன்றிகள் லாரியேறித் தெற்கே போயின. நோயும் கூடவே போயிற்று. நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில்தான் அது மிகக் கொடுமையாகப் பரவியது.

1999 மார்ச் தொடக்கத்தில், கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங், நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களை அது ஒன்றோடொன்று உருக்கி இணைத்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் செய்கிற வேலையல்ல இது. அதை எடுத்துக்கொண்டு அவர் அமெரிக்காவிலுள்ள நோய்த் தடுப்பு ஆய்வுக்கூடத்துக்குப் பறந்தார். 1994-இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் மனிதரையும் கொன்ற ஹெண்ட்ரா வைரஸின் நெருங்கிய உறவு, ஆனால் உலகம் அதுவரை அறியாத புது வைரஸ் என்பது அங்கே தெளிவாயிற்று. அந்த நோயாளியின் ஊர் சுங்கை நீப்பா. அதனால் வைரஸுக்கும் நீப்பா என்றே பெயர் வந்தது.

பிறகு காரியம் விரைந்தது. இராணுவம் இறங்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பும் அவற்றோடு புதைந்தது. ஆனால் நோய் நின்றது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு, 105 பேர் இறந்திருந்தார்கள். சிங்கப்பூரில் இங்கிருந்து போன பன்றிகளை அறுத்த தொழிலாளர்களில் 11 பேர் பாதிக்கப்பட்டு, ஒருவர் மாண்டார்.

பன்றிக்கு அது எங்கிருந்து வந்தது? நாம் கெளுவாங் என்று சொல்கிற பழந்தின்னி வௌவாலிடமிருந்து. தியோமான் தீவில் வௌவால்களின் சிறுநீரிலும், அவை கடித்துப்போட்ட பழத்திலும் அதே வைரஸ் இருந்ததை 2002-இல் வெளியிட்டார்கள். ஈப்போவுக்கு அருகில் நோய் முதலில் தோன்றிய பெரும்பண்ணையில், தொழுவங்களை ஒட்டி மாமரங்கள் நின்றன. வௌவால் தின்று உதிர்த்த மிச்சம் பன்றியின் வாய்க்கு எட்டியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர் முடிவு. வௌவாலுக்கு இந்த வைரஸால் நோய் வருவதில்லை என்பது வேடிக்கை.

1999-க்குப் பிறகு மலேசியாவில் மனிதருக்கு இந்நோய் கண்டதாகச் செய்தியில்லை. ஆனால் 2001 முதல் வங்காளதேசத்தில் அடிக்கடி தலைகாட்டி வருகிறது. அங்கே பன்றிக்கு இதில் பங்கில்லை. இரவில் ஈச்சமரத்தில் சாறு இறக்கக் கட்டும் முட்டியில் வௌவால் வாய் வைக்கிறது. விடிந்ததும் அதைப் பச்சையாகவே குடிக்கிறார்கள். கள்ளுமரம் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டு வட்டாரத்திலும் அது வந்தது. நோயாளிகளைக் கவனித்த தாதி லினி உட்படப் பலர் உயிரிழந்தார்கள். முதலில் இறந்தவருக்கு என்ன நோய் என்று அப்போது தெரியவில்லை. அதே வீட்டில் இரண்டாமவர் விழுந்ததும், மருத்துவர்கள் நீப்பாவாக இருக்கலாம் என்று ஐயுற்று மாதிரியை அனுப்பினார்கள். கிந்தாவில் ஐந்து மாதங்களுக்கு மேல் பிடிபடாதிருந்த நோயின் பெயர், அங்கே சில நாள்களில் தெரிந்துவிட்டது.